ஊறிய கறை

வெள்ளைத் துணியில் ரத்தத்தைப் பார்த்துவிட்டால் பெரியவளுக்குக் கை நிற்காது. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் பதினொரு வருஷம் ஓட்டிவிட்டவள். ஆபரேஷன் அறையிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் துணியைப் பிரித்து, எது எந்தத் தொட்டிக்குப் போக வேண்டும் என்று பார்ப்பது அவள் வேலை. ரத்தம் பட்டதைச் சுடுதண்ணீரில் போட்டால் போச்சு, கறை துணிக்குள்ளேயே வெந்து உட்கார்ந்துகொள்ளும். பச்சைத் தண்ணீர், ஒரு கை உப்பு, அப்புறம் சோப்பு, அதுவும் உள்பக்கத்திலிருந்து. வீட்டில் யாராவது காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டால்கூட அவள் கண் முதலில் போவது சட்டைக்குத்தான். விரலுக்கு அப்புறம்தான் வருவாள். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்படிப்பட்டவள் கண்ணில்தான் அந்தப் புதன்கிழமை காலை தங்கையின் கால்சட்டை பட்டது.

குளியலறை மூலையில், வாளிக்குப் பின்னால் சுருட்டித் திணித்திருந்தது. சைக்கிள் கிளப்பில் கொடுத்த வெள்ளைப் பயிற்சிக் கால்சட்டை. பிரித்தாள். மடி நெடுக ரத்தம். சின்னவள் சைக்கிளிலிருந்து விழுவது ஒன்றும் புதிதில்லை. மாதத்துக்கு ஒரு முறை முழங்கையையோ முட்டியையோ தேய்த்துக்கொண்டு வந்து நிற்பாள். “விழுறது அவ, துவைக்கிறது நான்” என்று முணுமுணுத்தபடி பெரியவள் உட்கார்ந்தாள். ஏழு மணிக்குள் கால்சட்டை பளீரென்று கொடியில் தொங்கியது. தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டு டிபன் பாக்ஸை எடுத்துக் கிளம்பினாள். போகும்போது பார்த்தாள், சின்னவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒன்பது மணிக்குச் சலவைக் கூடத்துக்குச் செய்தி வந்தது. கொண்டுவந்தவர் பாய்லர் அண்ணன். நீராவி வால்வைத் திருகிக்கொண்டே ஊர்ச் செய்தி வாசிப்பது அவர் வழக்கம்.

“விஷயம் தெரியுமா? நம்ம ரொட்டிக்கடை தாத்தாவ அடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டாங்க. பாலத்து வளைவுல. மேலதான் எலும்பு வார்டுல கெடக்குறாரு. இடுப்பெலும்பு போச்சு, மண்டையில பதினாலு தையல்.”

“லாரியாண்ணே?” என்று யாரோ கேட்டார்கள்.

“லாரியா இருந்தாக்கூட மனசு ஆறும். சைக்கிளாம்! சைக்கிள்ல அடிச்சுட்டு, திரும்பிக்கூடப் பாக்காம ஓடியிருக்குதுங்க.”

பெரியவளுக்குக் காலையில் துவைத்த கால்சட்டை ஞாபகம் வந்தது. கையிலிருந்த போர்வையைக் கீழே வைக்கவும் தோன்றாமல், தொட்டியில் போடவும் தோன்றாமல் அப்படியே நின்றாள்.

ரொட்டிக்கடைத் தாத்தாவைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் கிடையாது. நாற்பது வருஷமாக விடியுமுன் நடந்தே போய் அடுப்பு மூட்டியவர். ஊரில் பாதிப் பேருக்குப் பல் முளைத்ததே அவர் ரொட்டியைக் கடிக்கத்தான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு உடைந்த பிஸ்கட்டைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். உடையாத பிஸ்கட்டையும் உடைத்துக் கொடுப்பார். அந்த மனுஷரை நடுச் சாலையில் போட்டுவிட்டு ஒருத்தி ஓடினாள் என்றால் ஊர் பார்த்துக்கொண்டிருக்குமா?

மத்தியானத்துக்குள் பெட்ரோல் பங்க் கேமராவில் ஆள் தெரிந்துவிட்டது. ஐந்து மணி ஏழு நிமிஷத்துக்குப் பாலத்துப் பக்கம் பறந்துபோகும் சைக்கிள், அதன்மேல் குனிந்த ஒரு முதுகு. பந்தயத்தில் மெடல் வாங்கும் சின்னவளின் முதுகு, ஊரே கைதட்டி வளர்த்தது. ஐந்தரைக்குப் பால் வண்டிக்காரர் தாத்தாவைப் பார்த்தபோது பக்கத்தில் ஈ காக்கை கிடையாது. அவள் திரும்பிப்போன ஆற்றோரப் பாதையில் கேமராவும் கிடையாது.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். சின்னவள் எதையும் மறைக்கவில்லை. பந்தய மைதானத்துக் கூரையில் வேலை நடந்ததால் பூட்டிவிட்டார்கள், அணித் தேர்வுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது, அதனால் சைக்கிளைச் சாலையில் எடுத்துப்போனேன் என்றாள். மைதானத்துச் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. பெடலை இறுக்கித்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். அதைச் சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று கோச் நூறு தடவை சொல்லியிருந்தார்.

“என்மேல தப்புதான் சார். அவர் ரோட்டுல எறங்கி நடந்தாரு, என்னால நிறுத்த முடியல. ஆனா இடிச்சுட்டு ஓடல சார். அவர ஓரமா இழுத்து, தலைய எடுத்து மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். போன் கொண்டுபோகல. கத்திக் கத்திப் பாத்தேன். ரொம்ப நேரம் கழிச்சு வண்டிச் சத்தம் கேட்டுச்சு. அப்பதான்... பயந்துட்டேன் சார். வந்துட்டேன்.”

“மடியிலயா வச்சிருந்தே? அந்தத் துணி எங்கே?”

எல்லோரும் கொடியைப் பார்த்தார்கள். கால்சட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. சோப்பு விளம்பரத்துக்குக் கொடுக்கலாம், அவ்வளவு வெள்ளை.

“யார் துவைச்சது?”

“நான்தாங்க” என்றாள் பெரியவள்.

“ரத்தம் இருந்துச்சா?”

“இருந்துச்சுங்க.”

“அப்ப எதுக்கும்மா துவைச்சே?”

“ரத்தம் இருந்துச்சே, அதனாலதாங்க.”

இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கேலி செய்கிறாளா என்று அவருக்குச் சந்தேகம். எங்கே இருந்தது, எப்படி இருந்தது என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கால்சட்டையைப் பையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ரத்தம் பட்டிருந்தது உண்மை, எங்கே எவ்வளவு என்று சொல்வதற்கில்லை என்று பதில் வந்தது. அவள் துவைத்தால் அப்படித்தான்.

ஆனால் அவளுக்குத் தெரியும். பதினொரு வருஷமாகத் தினம் நூறு துணி பார்த்த கண். தெறித்த ரத்தம் துணியின் மேலோடு புள்ளி புள்ளியாக நிற்கும், வால் விட்டிருக்கும். இது அப்படியில்லை. இரண்டு தொடைக்கும் நடுவில் வட்டமாக இறங்கி, துணியைத் தாண்டி உள்பக்கம் வரைக்கும் ஊறியிருந்தது. ஓரத்தில் ஒரு கோடு காய்ந்து, அதையும் தாண்டி இரண்டாவது கோடு காய்ந்திருந்தது. ஒரே இடத்தில் அசையாமல் ஒரு தலை வெகுநேரம் இருந்தால்தான் அப்படி வரும். சின்னவள் சொன்னது அத்தனையும் சத்தியம். சின்னவளைத் தவிர அது தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று பெரியவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டாள்.

ஏன் என்று சுற்றி வளைக்க வேண்டியதில்லை. பொறாமை.

அதுவும் இன்று நேற்று வந்ததில்லை. பத்து வயதுவரை அந்த வீட்டில் அவள் மட்டும்தான் பிள்ளை. அப்புறம் இவள் பிறந்தாள். அப்பா போனதும் பதினெட்டு வயதில் சலவைக் கூடத்துக்குப் போனவள் பெரியவள். எட்டு வயதில் வாடகைச் சைக்கிளில் ஏறி ஊரைச் சுற்றியவள் சின்னவள். அவள் ஓட்டுகிற விதத்தைப் பார்த்து ஒரு கோச் வீடு தேடி வந்தார். அன்றிலிருந்து பால் சின்னவளுக்கு, முட்டை சின்னவளுக்கு, காற்று வருகிற பக்கத்துக் கட்டில் சின்னவளுக்கு. அவள் தூங்கும்போது வீட்டில் பாத்திரம் உருளக் கூடாது. பஸ்ஸை நிறுத்தாத இடத்திலும் அவளுக்காக நிறுத்துவார்கள். நகர மண்டபத்துச் சுவரில் மெடலோடு அவள் படம். பெரியவளுக்கு ஊரில் பெயரே போய்விட்டது. சைக்கிள் பொண்ணோட அக்கா, அவ்வளவுதான். ஒரு தடவை பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார், தங்கையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, பெண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லாமலே போய்விட்டார்கள்.

இப்போது பாருங்கள். நகர மண்டபத்தில் படத்தைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். சுவரில் ஒரு வெளிறிய சதுரம்தான் பாக்கி. ரொட்டிக்கடையின் மூடிய கதவில் ஒரு நீளமான காகிதத்தை ஒட்டி, அவளை ஜெயிலில் போட வேண்டும், ஆயுளுக்கும் பந்தயத்தில் விடக் கூடாது என்று கையெழுத்து வாங்கினார்கள். போன் மாற்றிப் போனில் அவள் முகம் சுற்றியது. போன வருஷம் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியவர்கள் இப்போது வீட்டு வாசலில் நின்று கூப்பாடு போட்டார்கள். போலீஸ் விசாரித்தது, கோர்ட்டில் தேதி கொடுத்தார்கள். ஊருக்கு அது போதவில்லை. தேதி எதற்கு, இன்றைக்கே முடித்துவிட வேண்டியதுதானே என்றது.

சலவைக் கூடத்தில் பெரியவளுக்குத் திடீரென்று மரியாதை கூடியது.

“பாவம், ஒரே வயித்துல பொறந்தது ரெண்டும். நீ எப்படி இருக்கே, அது எப்படி இருக்குது பாரு” என்றாள் மடிப்பு மேஜைக்காரி. “குனிஞ்ச தல நிமிராம வேல பாக்குறவ நீ. தங்கம்டீ.”

முப்பது வயதை எட்டப்போகிறவளுக்கு ஒருத்தி வாயால் 'தங்கம்' என்று கேட்க இவ்வளவு பெரிய விபத்து நடக்க வேண்டியிருந்தது. கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இனிப்பும் மதியத்தோடு சரி. பேச்சு திரும்பத் திரும்பச் சின்னவளிடமே போனது. அவள் என்ன செய்கிறாள், சாப்பிடுகிறாளா, அழுகிறாளா, கொஞ்சமாவது வருத்தம் உண்டா? தலையில் வைத்து ஆடினாலும் அவளைத்தான், காலில் போட்டு மிதித்தாலும் அவளைத்தான். தன்னைப் பற்றி ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேட்க நாதியில்லை. பெரியவளுக்கு அதிலும் வயிறு எரிந்தது.

வீட்டில் அம்மா சட்டைக்குப் பட்டன் ஓட்டை தைக்கிற வேலையை வாசலிலிருந்து உள்ளே மாற்றிக்கொண்டாள். மழை விடாமல் பெய்தது. கூரைத் தகரத்தில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா வழக்கம்போல முட்டையை அவித்து, வழக்கம்போலச் சின்னவள் தட்டுக்குக் கொண்டுபோய், பாதியில் கையைத் திருப்பிப் பெரியவள் தட்டில் வைத்தாள்.

“நீ சாப்பிடு. வேலைக்குப் போறவ.”

பெரியவள் சாப்பிட்டாள். எதிரே தங்கை வெறும் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். முட்டை அவ்வளவு ருசியாக இருந்ததில் அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே முழுசையும் தின்றாள்.

அம்மா துணிமூட்டையோடு கடைக்குப் போன ஒரு சாயங்காலம் சின்னவள் மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அக்கா, நீ பாத்தேல்ல?”

“என்னத்த?”

“கால்சட்டைய. துவைக்கிறதுக்கு முன்னாடி.”

“பாத்தேன். ரத்தம் இருந்துச்சு. அதான் இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிட்டேனே.”

“எங்க இருந்துச்சுன்னு பாத்தியா?”

“நான் என்ன டேப் வச்சு அளந்தா பாத்தேன்? வேலைக்கு நேரமாச்சு, துவைச்சேன், போட்டேன். வாளிக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சது நீ. ‘துவைக்காதக்கா’ன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன?”

“ஒளிச்சுத்தான் வச்சேன்” என்றாள் சின்னவள். “அன்னைக்கு எனக்கு எதுவுமே நடக்கலன்னு ஆயிடணும் போல இருந்துச்சு.”

“ஆயிடுச்சா?”

“இல்ல.”

கெஞ்சுவாள், அழுவாள் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். கெஞ்சினால் யோசிக்கலாம் என்றுகூட நினைத்து வைத்திருந்தாள். சின்னவள் எழுந்துபோய்ப் படுத்துவிட்டாள். அந்த நிமிர்வைக் கண்டதும் பெரியவளுக்கு இன்னும் எரிச்சல் கூடியது.

ஒரு நாள் பாய்லர் அண்ணன் அந்தக் கையெழுத்துக் காகிதத்தின் ஒரு தாளைச் சலவைக் கூடத்துக்கே கொண்டுவந்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருத்தராகப் போட்டார்கள். அவள் பக்கம் வந்ததும் அண்ணன் தயங்கினார்.

“உன்ன நான் கட்டாயப்படுத்தல தாயி. ஆனா நீ போட்டேன்னா அதுக்கு ஒரு மதிப்பு. சொந்த அக்காவே போட்டுட்டான்னு இருக்கும்.”

“தாத்தா எப்படி இருக்காருண்ணே?”

“பேசுறாரு. என்ன நடந்துச்சுன்னு கேட்டா ஒண்ணும் ஞாபகமில்ல. தெனம் காலையில எந்திரிச்சதும் ‘அடுப்பு மூட்டியாச்சா’ன்னு கேக்குறாராம். மூட்டியாச்சுன்னு மகன் பொய் சொல்றான். இனிமே அந்த மனுஷன் நின்னு மாவு பெசையப்போறதில்ல. நெனச்சா எனக்கு நெஞ்சு வெடிக்குது.”

சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. வெறும் வம்புக்கு அலைகிற மனுஷர் இல்லை அவர். சின்ன வயதில் பசித்த காலத்தில் தாத்தா கை ரொட்டியைத் தின்று வளர்ந்தவர். பெரியவள் பேனாவை வாங்கினாள். தாளில் நிறையப் பெயர்கள். நடுவில் ஓரிடம் காலியாக இருந்தது. அதில் தன் பெயரைப் போட்டால் ஊர் முழுக்க ஒரு நாளாவது தன்னைப் பற்றிப் பேசும் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த எண்ணம் வந்ததும் அவளுக்கே பயமாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஆபரேஷன் அறைத் துணி இறங்கியது. “வேல வந்துருச்சு, அப்புறம் போடுறேன்” என்று பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு ஓடினாள். அண்ணன் தாளை மடித்துக்கொண்டு போனார்.

அரசாங்கம் அமர்த்திக் கொடுத்த இலவச வக்கீலம்மா வீட்டுக்கு வந்து, இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து விளக்கினாள்.

“ரெண்டு குற்றச்சாட்டும்மா. பிரேக் இல்லாத சைக்கிளச் சாலையில ஓட்டி ஆள இடிச்சது ஒண்ணு. அத இவளே ஒத்துக்கிட்டா. பந்தயத் தடையும் சமூக சேவையும் வரும், ஜெயில் வராது. அடிபட்டவர அப்படியே போட்டுட்டு ஓடினது ரெண்டாவது. அது நிரூபணமாச்சுன்னா ரெண்டு வருஷம் உள்ள. ஊர் கத்துறதெல்லாம் அதுக்குத்தான்.”

“மடியில வச்சிருந்தேன்னு சொல்றாளேம்மா” என்றாள் அம்மா. சொன்ன விதத்திலேயே தெரிந்தது, அம்மாவுக்கே முழு நம்பிக்கையில்லை.

“சொல்றா. சாட்சி வேணுமே. தாத்தாவுக்கு நெனவில்ல. துணியில தடயமில்ல.” வக்கீலம்மா பெரியவளைப் பார்த்தாள். “அரசுத் தரப்புல உங்களச் சாட்சியா கூப்பிடுறாங்க. துவைச்சது நீங்கன்னு சொல்ல. உங்களுக்கு வேற ஏதாவது தெரியுமா?”

“எனக்கென்ன தெரியும்? நான் துவைக்கிறவ.”

“சரி. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு எறங்குங்க.”

அப்படித்தான் செய்வது என்று அவளும் முடிவுகட்டியிருந்தாள். பொய் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கேட்டால் சொல்லப்போகிறோம், கேட்காவிட்டால் தன் மேல் என்ன தப்பு? மூன்று மாதம் இதையே தனக்குச் சொல்லிச் சொல்லி மனதைத் தேற்றி வைத்திருந்தாள்.

விசாரணை நாளன்று கோர்ட் வாசலில் நிற்க இடமில்லை. குடையும் அட்டைப் பலகையுமாக ஜனம். உள்ளே முதல் வரிசையில் ரொட்டிக்கடைத் தாத்தாவின் மகன் சட்டைக் கையை மடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்தான். சின்னவள் தலை குனியாமல், யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். முகம் இளைத்துப்போயிருந்தது. சத்தியம் வாங்கிக்கொண்டு பெரியவளைக் கூண்டில் ஏற்றினார்கள்.

அரசு வக்கீல் நல்ல குரல்காரர். “ஆஸ்பத்திரியில சலவை வேல பாக்குறீங்க. அன்னைக்குக் காலையில இந்தத் துணியத் துவைச்சீங்க. ரத்தம் இருந்துச்சு. சரிதானே?”

“ஆமாங்க.”

“மோதின வேகத்துல ரத்தம் தெறிச்சிருக்கு. தெறிச்ச ரத்தத்தோட அவ வீட்டுக்கு ஓடி வந்திருக்கா. நீங்க துவைச்சுட்டீங்க. ஆமாவா, இல்லையா?”

'ஆமா' என்று சொன்னால் முடிந்தது. நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது. ஆனால் தெறித்த ரத்தம் என்ற அந்த வார்த்தை அவளுக்குள் முள்ளாகக் குத்தியது. பதினொரு வருஷம் செய்த வேலையை ஒருத்தர் கண்ணெதிரே தப்பாகச் சொல்கிறார்.

“தெறிச்சதில்லீங்க.”

“என்னது?”

“தெறிச்ச ரத்தம் புள்ளி புள்ளியா மேலாக நிக்கும், வால் இருக்கும். அது ரெண்டே கசக்குல போயிடும். இது ஊறினது. மடி நடுவுல வட்டமா எறங்கி உள்பக்கம் வரைக்கும் போயிருந்துச்சு. ஓரத்துல ரெண்டு கோடு காஞ்சிருந்துச்சு. அத எடுக்க நான் மூணு தண்ணி மாத்தினேன். அசையாத தல ஒரே எடத்துல கெடந்தாத்தான் துணி அப்படி ஊறும். எத்தன நிமிஷம்னு எனக்குச் சொல்லத் தெரியாது. கொஞ்ச நேரமில்ல.”

கோர்ட்டில் சலசலப்பு. நீதிபதி கையை உயர்த்தினார். அரசு வக்கீல் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஊருக்காகச் சிரித்தது.

“மூணு மாசமா இத யார்கிட்டயும் சொல்லல. இப்ப ஞாபகம் வருது. தங்கச்சி ஜெயிலுக்குப் போயிடுவான்னதும் அக்காவுக்குப் பாசம் பொங்குது. அப்படித்தானேம்மா?”

“பாசமா?” என்றாள் பெரியவள். அந்த வார்த்தை அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை போல நின்றாள். அப்புறம் வந்தது பாருங்கள், கொட்டித் தீர்த்துவிட்டாள். “எனக்கு அவளக் கண்டாலே பத்திக்கிட்டு வரும் சார். அவ பொறந்ததுலருந்து. எங்க வீட்டுல பால் அவளுக்கு, முட்டை அவளுக்கு, நல்ல கட்டில் அவளுக்கு. ஊர்ல எனக்குப் பேரே கெடையாது. அவ மாட்டிக்கிட்டதும் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. ஆமா சார், இருந்துச்சு. அதனாலதான் மூணு மாசமா சொல்லல. இன்னைக்கும் சொல்லக் கூடாதுன்னுதான் வந்தேன். நீங்க தெறிச்சதுன்னு சொன்னதால சொல்ல வேண்டியதாப் போச்சு. பொறாமையில வாய மூடிக்கிட்டிருந்தேன்னு வேணா எழுதிக்கங்க. பாசத்துல பொய் சொன்னேன்னு எழுதாதீங்க.”

 நீதிபதி பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதி முடிக்கும்வரை பெரியவள் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கை இருந்த பக்கம் திரும்பவேயில்லை. அன்றிலிருந்து வீட்டிலும் இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசவில்லை. அம்மா நடுவில் உட்கார்ந்து பட்டன் ஓட்டை தைத்தாள்.

பத்து நாள் கழித்துத் தீர்ப்பு. அடிபட்டவருக்கு உதவியிருக்கிறாள், பிறகு ஆள் வருமுன் விட்டுப் போயிருக்கிறாள், இரண்டும் உண்மை என்றார் நீதிபதி. பாசமில்லை என்று சொன்ன சாட்சியைத்தான் நம்புவதாகவும் சொன்னார். இரண்டு வருஷம் பந்தயத் தடை. ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் நடக்க முடியாதவர்களுக்குப் பணிவிடை. ஜெயில் இல்லை. தாத்தாவின் மகன் எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல், கதவை அறைந்துவிட்டு வெளியே போனான். அந்த அறைதலில் இருந்த நியாயம் பெரியவளுக்கும் கேட்டது. அவன் போன கொஞ்ச நேரத்தில் வெளியே கூச்சல் எழுந்தது. இந்தத் தடவை அந்தத் திட்டில் பெரியவளுக்கும் பங்கு இருந்தது. “அக்காக்காரியும் கூட்டுதான்! நல்லவ வேஷம் போட்டுட்டா!” பாய்லர் அண்ணனின் குரல்கூட அதில் கேட்டது போலிருந்தது. நாளைக்குச் சலவைக் கூடத்தில் யாரும் தங்கம் என்று சொல்லப்போவதில்லை.

கூட்டம் கலையும்வரை பின்பக்கத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கச் சொன்னார்கள். அம்மா வக்கீலம்மாவோடு காகிதத்தில் கையெழுத்துப் போடப் போயிருந்தாள். பெஞ்சில் இரண்டு பேரும் ஆளுக்கொரு கோடியில். பழைய கோப்புக் கட்டுகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. மழை நின்று நல்ல வெயில் அடித்தது.

“அக்கா.”

“என்ன?”

“கூண்டுல சொன்னியே, என்னக் கண்டாலே பத்திக்கிட்டு வரும்னு. அது நெசமா?”

“சத்தியம் வாங்கிட்டுத்தானடீ கேட்டாங்க.”

சின்னவள் தலையாட்டினாள். 

“நானும் ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லு.”

“இந்த மூணு மாசமும் தெனம் காலையில நீ வேலைக்குக் கெளம்புவல்ல. நான் படுத்துக்கிட்டே பாத்துக்கிட்டிருப்பேன். தல சீவுவ, செருப்ப மாட்டிக்கிட்டு ‘வரேம்மா’ன்னு சொல்லிட்டு எறங்கிப் போயிடுவ. தெருவுல எதிர்ல வர்றவங்க உன்கிட்ட நின்னு பேசுவாங்க. உன்ன யாரும் மொறைக்க மாட்டாங்க. உனக்குப் போறதுக்கு ஒரு எடம் இருந்துச்சு, அங்க நீ இல்லன்னா வேல நிக்கும். எனக்கு ஒண்ணுமே இல்ல. உன்னக் கண்டாலே எனக்கு அப்படி எரிஞ்சுச்சுக்கா. உன் டிபன் பாக்ஸ எடுத்துச் சுவத்துல அடிக்கலாமான்னுகூட இருந்துச்சு.”

 பெரியவள் பிறந்த இந்த முப்பது வருஷத்தில் அவளைப் பார்த்து ஒருத்தர்கூடப் பொறாமைப்பட்டதில்லை. அவளிடம் என்ன இருக்கிறது பொறாமைப்பட என்று அவளே நினைத்திருந்தாள். இப்போது பட்டிருக்கிறாள் ஒருத்தி, அதுவும் இவள். தாத்தா அங்கே படுக்கையில் கிடக்கிறார், தங்கையின் பந்தயம் போய்விட்டது, வெளியே ஊர் திட்டிக்கொண்டிருக்கிறது, இந்த நேரத்தில் இப்படிச் சந்தோஷப்படுகிறோமே என்று அவளுக்குக் கூசியது. கூசினாலும் அடக்க முடியவில்லை. பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து தங்கையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“ரொம்பவா எரிஞ்சுச்சு?” என்று கேட்டாள்.

“ரொம்பக்கா.”